மருத்துவ ஆய்வில் முதுநிலைப் பயிற்சி: படிப்பைத் தேர்வதிலிருந்து ஆய்வை முடிப்பது வரை

கிளினிக்கல் ரிசர்ச் என்ற ஒரே பெயரில் நம் நாட்டில் இரண்டு வேறு படிப்புகள் நடக்கின்றன. மருந்து நிறுவனங்களுக்காகச் சோதனைகளை நடத்தித் தரும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களில் வேலைக்குச் சேர்வதற்கான பட்டயப் படிப்புகள் ஒரு வகை. பிறர் வகுத்துக் கொடுத்த ஆய்வை விதி பிசகாமல் நடத்துவது, ஆவணங்களைச் சரிபார்ப்பது, மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்வது ஆகியவற்றை அவை கற்றுத் தருகின்றன. மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர் ஆகியோர் தம் நோயாளிகளைக் கவனிக்கும்போது எழும் கேள்வியைத் தாமே ஓர் ஆய்வாக வடிவமைத்து, நடத்தி, விடை காணும் திறனைத் தருபவை மற்றொரு வகை. இரண்டும் தேவையானவை; இரண்டிலும் நேர்மையான தொழில் உண்டு. ஆனால் இரண்டாவதை விரும்பி முதலாவதில் பணம் கட்டிச் சேர்ந்து, ஓராண்டு கழிந்த பின்னரே வேறுபாட்டை உணர்ந்த செவிலியர்களையும் பல் மருத்துவர்களையும் நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். இந்தக் கட்டுரை இரண்டாவது வகைப் பயிற்சியைப் பற்றியது.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

எந்தப் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன்பாக ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் கேள்வியை எழுதிப் பாருங்கள். எந்த நோயாளிகளைப் பற்றிக் கேட்கிறீர்கள், அவர்களுக்கு என்ன செய்யப்படுகிறது, அதை எதனுடன் ஒப்பிடுகிறீர்கள், எந்த விளைவை அளக்கப் போகிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு என்ற ஐந்தும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும். டயாலிசிஸ் பிரிவில் பணிபுரியும் செவிலியர் ஒருவர், ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் இரத்த வழியில்) ஊசியை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிக் குத்துவது நல்லதா, ஒரே துளையில் திரும்பத் திரும்பக் குத்துவது நல்லதா என்று பல ஆண்டுகளாக யோசித்து வந்திருக்கலாம். அந்த யோசனை, ‘வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர்களில், ஒரே துளையில் ஊசி குத்தப்படுவோருக்கு, இடம் மாற்றிக் குத்தப்படுவோரைவிட ஓராண்டுக்குள் ஃபிஸ்டுலாவில் தொற்று கூடுதலாக ஏற்படுகிறதா’ என்ற வடிவத்துக்கு வரும்போதுதான் அது ஆய்வுக்குரிய கேள்வியாகிறது.

இப்படி எழுதுவதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்பதைக் கேள்வியே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு நோய் யாருக்கு, எவ்வளவு, ஏன் வருகிறது என்று கேட்பவருக்கு எபிடெமியாலஜி எனப்படும் நோய்ப்பரவலியலும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டமும் பொருந்தும். இரு சிகிச்சைகளில் எது மேலானது என்று கேட்பவருக்குக் கிளினிக்கல் டிரயல் எனப்படும் சிகிச்சை ஒப்பீட்டு ஆய்வுகளை மையமாகக் கொண்ட பட்டம் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஏன் இன்சுலினைத் தொடங்கத் தயங்குகிறார்கள் என்று கேட்பவர், நேர்காணல்களை முறையாக நடத்திப் பகுத்தாராயும் பண்புசார் ஆய்வு முறைகளைக் கற்பிக்கும் இடத்தைத் தேட வேண்டும். கேள்வியே இல்லாமல் சேர்பவருக்கு முதலாண்டின் பாதி, தலைப்புத் தேடுவதிலேயே போய்விடுகிறது.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1950களில் காசநோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன், அவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் சானடோரியங்களின் படுக்கைகள் மிகச் சொற்பம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. மாத்திரைகளை வாங்கிக்கொண்டு நெரிசலான தம் வீட்டிலேயே இருப்பவர்கள், சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெறுபவர்கள் அளவுக்குக் குணமடைவார்களா, அவர்களோடு வாழும் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து உண்டா என்பவையே அங்கு கேட்கப்பட்ட கேள்விகள். நோயாளிகள் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, இரு பிரிவுகளாக ஒதுக்கப்பட்டு, ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைப் பெற்றார்கள். 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவுகள் வெளியாயின. உணவும் ஓய்வும் குறைவாக இருந்தபோதிலும் வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழச் சமமான பலனைத் தந்தது. குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் தென்படவில்லை. காசநோயாளியை வீட்டைவிட்டு அகற்றாமல் சிகிச்சை தரலாம் என்று உலக நாடுகள் துணிந்ததற்கு அந்த முடிவு பெரும் ஆதாரமாயிற்று. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதே மையம்தான். அந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்து இரண்டே வரிகளில் அடங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

பாடத்திட்டத்தை எப்படிப் படிப்பது

ஆய்வு வடிவமைப்பு, நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், ஆய்வு நெறிமுறை, தரவு மேலாண்மை, ஆய்வுக் கட்டுரை எழுதுதல் ஆகிய ஆறும் ஏறக்குறைய எல்லாப் பாடத்திட்டங்களிலும் பெயரளவில் இருக்கும். ஆகவே பெயர்களைப் பார்த்து முடிவு செய்யாமல், அவற்றுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, யார் கற்பிக்கிறார்கள், மாணவர் தம் கையால் என்ன செய்து காட்ட வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். புள்ளியியலுக்கு மூன்று நாள் பயிலரங்கு மட்டுமே வைத்திருக்கும் முதுநிலைப் படிப்பைத் தவிர்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. நம்மில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள். அந்தப் பாடம் மெதுவாக, நம் மருத்துவமனையின் தரவைக் கொண்டே, பல மாதங்களுக்குச் சொல்லித் தரப்பட்டால்தான் உள்ளே இறங்கும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதை ஒரு கணக்கைக் கொண்டே சொல்லிவிடலாம். இப்போதைய சிகிச்சையில் 100 பேரில் 60 பேர் குணமடைகிறார்கள். புதிய முறையில் 75 பேர் குணமடைவார்கள் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். இந்த வேறுபாடு உண்மையிலேயே இருக்குமானால் அதை 80 சதவீத வாய்ப்புடன் கண்டறிவதற்கு, இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் கொள்ளும் பிழைக்கு வழக்கமான 5 சதவீத வரம்பில், பிரிவுக்கு ஏறத்தாழ 150 பேர் தேவை. பத்தில் ஒருவர் பாதியில் வராமல் போவார் என்று கொண்டால் பிரிவுக்கு 167 பேர், மொத்தம் 334 பேர் சேர்க்கப்பட வேண்டும். அதே கணக்கில் எதிர்பார்க்கும் வேறுபாடு 15க்குப் பதில் 30 சதவீதப் புள்ளிகளாக, அதாவது 45க்கு 75 என்று இருந்தால், பிரிவுக்கு 38 பேரே போதும். வேறுபாடு பாதியாகும்போது தேவைப்படும் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. என் முதுநிலை ஆய்வேட்டில் மாதிரி அளவு 50 என்று எழுதப்பட்டிருந்தது. எனக்கு முன்பிருந்தவர்களும் 50 என்றே எழுதியிருந்தார்கள் என்பதைத் தவிர அதற்குக் காரணம் இல்லை. அந்த 50 பேரில் 30 பேர் குணமடைந்தார்கள். 60 சதவீதம் என்று எழுதினேன். உண்மையான அளவு 46 சதவீதமாகவும் இருக்கலாம், 74 சதவீதமாகவும் இருக்கலாம் என்பதே அந்த எண்ணின் பொருள் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு முறையாகப் படித்தபோதுதான் விளங்கியது. அந்த நோயாளிகள் கொடுத்த நேரத்துக்கும் இரத்த மாதிரிகளுக்கும் ஈடாக அவர்களுக்கு என்னால் எந்தத் தெளிவான விடையும் தர முடியாமல் போனது இன்றும் வருத்தம் தருகிறது.

எங்கெங்கே படிக்கலாம்

பணம் கட்டும் முன் செலவில்லாமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பு, மத்திய அரசின் கல்வித் தளமான ஸ்வயம் வழியாக இணையத்தில் கிடைக்கிறது. மருத்துவ முதுநிலை மாணவர்களும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் இதில் தேற வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. பலர் இதைக் கடமைக்காக ஓட்டிவிடுகிறார்கள். அதன் விரிவுரைகளை நிதானமாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் உங்கள் கேள்வியோடு பொருத்திப் பார்த்தால், இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கிளினிக்கல் சென்டர் 1995 முதல் நடத்திவரும் மருத்துவ ஆய்வின் கோட்பாடுகளும் நடைமுறையும் என்ற படிப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சட்டங்கள் அமெரிக்காவுடையவை என்றாலும் ஆய்வு வடிவமைப்பு பற்றிய பகுதிகள் எங்கும் பொருந்தும்.

இரண்டாண்டு முழுநேரப் படிப்புக்கு நம் அருகிலேயே மூன்று நல்ல இடங்கள் உள்ளன. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் மையம் 1997இல் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. சென்னைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்திலும் நோய்ப்பரவலியலையும் சுகாதார அமைப்புகளையும் மையமாகக் கொண்ட பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் உண்டு. வகுப்புகளுக்கு இடையே மாணவர்களைக் களத்துக்கு அனுப்பி உண்மையான தரவைக் கையாள வைப்பது அதன் சிறப்பு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உயிர்ப்புள்ளியியலுக்கும் நோய்ப்பரவலியலுக்கும் தனித்தனி முதுநிலைப் படிப்புகள் நடக்கின்றன. பெரிய ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கும் வளாகத்திலேயே இருந்து படிப்பது பாடநூல் தர முடியாத பயிற்சி. செவிலியருக்கு, முதுநிலைச் செவிலியப் பட்டத்துக்குப் பின் இந்தியச் செவிலியர் கழகத்தின் தேசியக் கூட்டமைப்பு வழியாக முனைவர் பட்டம் செய்யும் வாய்ப்பும் உண்டு.

வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலைப் படிப்பே ஏற்றது. லண்டன் சுகாதாரம் மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, சிகிச்சை ஒப்பீட்டு ஆய்வுகளுக்கும் நோய்ப்பரவலியலுக்கும் தொலைநிலை முதுநிலைப் பட்டங்களை அளிக்கிறது. ஐந்தாண்டுகள்வரை எடுத்துக்கொண்டு மெதுவாக முடிக்க அது இடம் தருவதால், இரவுப் பணியும் குடும்பமும் உள்ளவர்கள் நம்பிச் சேரலாம். எடின்பரோ பல்கலைக்கழகமும் சிகிச்சை ஒப்பீட்டு ஆய்வுகளுக்கான இணையவழி முதுநிலைப் பட்டத்தை நடத்திவருகிறது. இத்தகைய படிப்புகளில் சேர விரும்புவோர் பொதுநலவாய நாடுகளுக்கான தொலைநிலைக் கல்வி உதவித்தொகைப் பட்டியலை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நாடும் படிப்பும் அந்த ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றிருந்தால் கட்டணச் சுமை நீங்கிவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் நம் மருத்துவர்களுக்குத் தனியாகச் சில வரிகள். அங்கே நீண்ட காலம் ஆய்வு என்பது ஒரு மூத்தவரிடம் சேர்ந்து பார்த்துப் பழகும் கலையாகவே இருந்தது. டியூக் பல்கலைக்கழகம் 1986இலேயே, சிறப்புப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள் மருத்துவமனைப் பணியை விடாமல் பயிலும் வகையில் மருத்துவ ஆய்வுப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு ஆய்வும் செய்யும் மருத்துவர்கள் குறைந்துவருகிறார்கள் என்ற கவலை வளர்ந்த நிலையில், தேசியச் சுகாதார நிறுவனம் 1999இல் பல்கலைக்கழகங்கள் முறையான பாடத்திட்டம் வகுப்பதற்கென்றே கே30 என்ற மானியத்தைக் கொண்டுவந்தது. 2006 முதல் அப்பணி அதே நிறுவனத்தின் கிளினிக்கல் அண்ட் டிரான்ஸ்லேஷனல் சயன்ஸ் விருது பெற்ற மையங்களின் கைக்கு மாறியது. இன்று பெரிய கல்வி மருத்துவமனைகள் பலவற்றில் ஏதோவொரு முதுநிலைப் பட்டம் இருக்கிறது. ஆயினும் டி32 போன்ற தேசியப் பயிற்சி மானியங்களிலிருந்து உதவித்தொகை பெறுவதற்கு அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ தேவை. விசாவில் இருப்பவர்கள் சேர்வதற்கு முன்பே, தம் துறை கட்டணத்தை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

சேரும் முன் யாரிடம் எதைக் கேட்பது

நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்பதைவிட, சென்ற இரண்டு ஆண்டுகளில் படித்து முடித்த மூன்று பேரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ‘உங்கள் ஆய்வின் கேள்வி உங்களுடையதா, கொடுக்கப்பட்டதா’ என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். வழிகாட்டி மாதத்துக்கு எத்தனை முறை உட்கார்ந்து பேசினார், புள்ளியியலாளரைத் தொடக்கத்திலேயே பார்க்க முடிந்ததா அல்லது எல்லாத் தரவையும் சேர்த்த பிறகுதானா, முடித்தவர்களில் எத்தனை பேர் கட்டுரை வெளியிட்டார்கள் என்பனவற்றை அடுத்துக் கேளுங்கள். தரவு முழுவதும் சேர்ந்த பிறகு புள்ளியியலாளரிடம் போவது, வீட்டைக் கட்டி முடித்த பிறகு கொத்தனாரிடம் அஸ்திவாரம் பற்றிக் கேட்பதைப் போன்றது. அப்போது அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

வழிகாட்டியைத் தேர்வதில்தான் நம்மவர்கள் மிகவும் தடுமாறுகிறோம். பெயர் பெற்றவர், துறைத்தலைவர் என்று பார்த்துச் சேர்கிறோம். பெயர் பெற்ற பலர் மிக நல்ல ஆசிரியர்கள். ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே பதினைந்து மாணவர்கள் இருந்தால், உங்கள் வரைவைப் படிக்க அவருக்கு நேரம் எங்கிருந்து வரும்? நடுத்தர வயதில் இருப்பவர், தாமே இப்போது ஓர் ஆய்வை நடத்திக்கொண்டிருப்பவர், உங்கள் வரைவின் ஓரத்தில் கையால் திருத்தம் எழுதித் தருபவர் கிடைத்தால் அவரையே பற்றிக்கொள்ளுங்கள். சேரும் முன் உங்கள் ஒரு பக்கக் கேள்வியை அவருக்கு அனுப்பிப் பாருங்கள். அவர் அனுப்பும் பதிலிலேயே அவர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பது தெரிந்துவிடும்.

பட்டத்தின் அங்கீகாரத்தையும் விட்டுவிடக் கூடாது. அரசுப் பணியிலோ கல்லூரி ஆசிரியப் பணியிலோ இருப்பவர்கள், குறிப்பிட்ட பட்டம் தம் பணிமூப்புக்கும் பதவி உயர்வுக்கும் கணக்கில் கொள்ளப்படுமா என்பதைத் தம் தொழிலைப் பதிவு செய்யும் மன்றத்திடமும் துறையிடமும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பமும் பணமும்

நோக்க அறிக்கையைப் பலர் ‘சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு’ என்று தொடங்குகிறார்கள். அந்தக் கனவு உண்மையானதுதான். ஆனால் தேர்வுக் குழு பார்ப்பது வேறு. உங்கள் வார்டில் நீங்கள் கண்ட ஒரு குறிப்பான சிக்கல், அதைப் பற்றி ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகள் எதைச் சொல்லவில்லை, அந்த இடைவெளியை நிரப்ப உங்களுக்கு எந்தத் திறன் குறைகிறது, அந்தத் திறனை இந்தப் படிப்பின் எந்தப் பாடம் தரும் என்ற வரிசையில் இரண்டு பக்கம் எழுதினால் போதும். பரிந்துரைக் கடிதத்தை, உங்களோடு நேரடியாகப் பணிபுரிந்தவரிடம் கேளுங்கள். முதல்வரின் கையெழுத்துள்ள பொதுவான கடிதத்தைவிட, உங்கள் பதிவேடுகளை நீங்கள் எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தீர்கள் என்று நான்கு வரி எழுதக்கூடிய உதவிப் பேராசிரியரின் கடிதம் மதிப்புள்ளது.

உதவித்தொகை என்று பார்த்தால், இளநிலை மருத்துவ மாணவர்களுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டத்தை நடத்துகிறது. முதுநிலை ஆய்வேடுகளுக்கும் அக்கழகம் நிதி உதவி வழங்குகிறது. பட்டங்களை முடித்தவர்களுக்கு, 2008இல் தொடங்கப்பட்ட இந்தியா அலையன்ஸ் அமைப்பு மருத்துவ மற்றும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களுக்கென்றே தனி ஆய்வு நல்கைகளைத் தருகிறது. பணத்தைவிட அரிதானது நேரம். வாரத்தில் ஒரு முழு நாள் வார்டுப் பணியிலிருந்து விலக்கு என்று உங்கள் மருத்துவமனை நிர்வாகத்திடமிருந்து கடிதம் வாங்காமல் பகுதிநேரப் படிப்பில் சேராதீர்கள். வாய்மொழியாகக் கிடைத்த உறுதி, முதல் டெங்கு அலையிலேயே கரைந்துபோகும்.

நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்

ஆய்வுத் திட்ட வரைவு முடிந்ததும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி பதிவு பெற்ற குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். பொதுமக்களில் ஒருவர், பெண் உறுப்பினர், சட்டம் அறிந்தவர் ஆகியோரும் இடம்பெற வேண்டும். குழுவைத் தடையாக எண்ணாமல் உங்கள் வரைவின் முதல் வாசகர்களாக எண்ணுங்கள். மருத்துவம் அறியாத உறுப்பினர் கேட்கும் ‘இதனால் அந்த அம்மாவுக்கு எத்தனை தடவை பஸ் செலவு’ என்ற கேள்வி, பல ஆய்வுகளைக் காப்பாற்றியிருக்கிறது. பிறகு இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஆய்வைப் பதிவு செய்யுங்கள். 2007இல் தொடங்கி 2009இல் மருந்துச் சோதனைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட அந்தப் பதிவேடு, 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பு வரும் பதிவுகளை மட்டுமே ஏற்கிறது. ஒரு வாரம் தாமதித்துச் சேர்ப்பதில் இழப்பில்லை. பதிவுக்கு முன் ஒருவரைச் சேர்த்துவிட்டால் அந்தத் தவறைத் திருத்த வழியே இல்லை. இலங்கையில் இருப்போருக்கு அந்நாட்டின் மருத்துவச் சோதனைப் பதிவேடு உண்டு.

ஒப்புதல் படிவத்தின் தமிழைப் பற்றி எந்தப் பாடத்திட்டமும் போதிய அளவு பேசுவதில்லை. எனக்கு அதில் மிகுந்த அக்கறை உண்டு. ‘பரிசோதனை’ என்ற சொல் நம் மொழியில் இரத்தப் பரிசோதனையையும் குறிக்கிறது, புதிய மருந்தைச் சோதித்துப் பார்ப்பதையும் குறிக்கிறது. ‘இந்தப் பரிசோதனையில் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்ற வரியில் கையெழுத்திடும் பெரியவர், தமக்கு ஏதோ டெஸ்ட் எடுக்கப் போகிறார்கள் என்று எண்ணியே கையெழுத்திடுகிறார். ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ என்பது புத்தகத்துக்குச் சரி. படிவத்தில், ‘இரண்டு சிகிச்சைகளில் உங்களுக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர் முடிவு செய்யும், டாக்டரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். போலி மருந்து என்ற சொல்லைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அது கள்ளச் சந்தை மருந்தை நினைவூட்டும். ‘பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இல்லாத மாத்திரை’ என்பது நீளமானாலும் உண்மையானது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கும் வழக்கம் நல்லதுதான். அதைவிட, புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் ஐந்து பேரிடம் படிவத்தைப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்பது பயன் மிக்கது.

இன்னொன்று, மரியாதை காரணமாக வரும் சம்மதம். ‘நீங்க சொன்னா சரிங்க டாக்டர்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் ஆய்வுக்குச் சம்மதிக்கவில்லை. உங்களை மறுக்கத் தயங்குகிறார். சிகிச்சை தரும் மருத்துவரே ஒப்புதல் கேட்காமல், பயிற்சி பெற்ற வேறொருவர் கேட்க வேண்டும். சேர மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை ஒரு குறையுமின்றிக் கிடைக்கும் என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். ‘வீட்டில் கலந்து பேசிவிட்டு அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள், அம்மா’ என்று அனுப்பிவைக்க வேண்டும். சேர்க்கை வேகம் குறையும். அந்தக் காலத்தையும் முன்கூட்டியே அட்டவணையில் கணக்கிட்டுவிடுங்கள்.

தரவு சேரும் மாதங்களில்

முதல் பத்து நோயாளிகளின் தரவைச் சேர்த்தவுடன் நிறுத்தி, படிவத்தையும் கணினிப் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாக ஒப்பிடுங்கள். எடை கிலோவிலா, உயரம் சென்டிமீட்டரிலா, விடுபட்ட தகவலுக்கு வெற்றிடமா பூஜ்யமா என்ற குழப்பங்கள் அந்தப் பத்தில் வெளிப்பட்டுவிடும். முந்நூறாவது நோயாளியின்போது வெளிப்பட்டால் சரிசெய்ய இயலாது. எந்த விளைவை முதன்மையாகப் பகுத்தாராயப் போகிறீர்கள், எந்த முறையில் என்பதைத் தரவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே எழுதி, தேதியிட்டு, வழிகாட்டியின் கையெழுத்துடன் வைத்துவிடுங்கள். பின்னால் வேறொரு விளைவு அழகாகத் தெரிந்தாலும் அதை முதன்மை விளைவு என்று எழுதும் ஆசை எழாது.

புதிய முறை மேலானதல்ல என்று முடிவு வந்தால் சோர்ந்துவிடாமல் அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். போதிய எண்ணிக்கையோடு நடந்த ஆய்வின் அந்த விடை, இன்னொரு மருத்துவமனை அதே செலவையும் அதே நோயாளிகளின் நேரத்தையும் மீண்டும் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். பதிவேட்டில் உள்ள உங்கள் பதிவிலும் முடிவைச் சேர்த்துவிடுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட வாரத்திலேயே, ஆய்வில் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் தயார் செய்யுங்கள்: என்ன கேட்டோம், எத்தனை பேர் கலந்துகொண்டீர்கள், என்ன தெரிந்தது, இனி உங்கள் சிகிச்சையில் ஏதும் மாற வேண்டுமா. தபாலில் அனுப்புவதைவிட, அவர்கள் அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது கையில் கொடுத்து, உட்கார வைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.